வாசற்கதவின் இடது மேல் மூலை

நோர்வூட்,
ஜூலை 8, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மூத்த மச்சான் மேர்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அந்தோனியம்மாவின் புருஷன் இக்னேசியஸ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் வத்தளையில் நீங்களும் வீட்டாரும் உங்கள் தச்சுப் பட்டறையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். இவ்விடம் நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதப் போனேன், கை வரவில்லை. பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் "மச்சான், அந்த மூலை" என்று வாயைத் திறந்ததுமே "சைற்றில நிக்கிறேன், பொறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த மூலையைப் பதினாறு படம் எடுத்து அனுப்பினேன். பதினாறுக்கும் சேர்த்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மேலே பார்க்கிற கட்டைவிரல். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

புது வீட்டு வாசற்கதவுக்கென்று ஜூன் மாதம் லொறியில் நீங்கள் அனுப்பிவைத்த பூவேலைச் சட்டங்கள் ஏழும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. கதவு நிலையைச் சுற்றி அடித்தால் வாசலே அரண்மனை வாசல் போல இருக்கும் என்றீர்கள். "பத்து நாளைக்கு வீட்டுக்குள்ளேயே போட்டு வைங்க. அந்த ஊர் ஈரத்துக்கு மரம் பழகட்டும். பொறகு வெட்டுங்க" என்றும் சொன்னீர்கள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மச்சான். பத்து நாள் வைக்கவில்லை, மறுநாளே வெட்டிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவன் நான். கொழுந்தைக் கையில் அள்ளினால் அதில் எவ்வளவு ஈரம் என்று விரலே சொல்லும். அந்த விரலால் உங்கள் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். 'காய்ந்திருக்கிறது, வெட்டு' என்றது விரல்.

ஹட்டனுக்குப் போய், நாற்பத்தைந்து பாகைக்கு வாள் இறங்கப் பள்ளம் போட்ட ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தேன். இரண்டு சட்டம் இரண்டு பக்கமும் நட்டுக்கு நிற்க, ஒன்று தலைக்குக் குறுக்கே. மூலை இரண்டையும் சாய்வாக வெட்டிப் பொருத்தினேன். மச்சான், நீங்கள் அன்று இங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டு சட்டம் சேர்ந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. பூ ஒரு சட்டத்தில் தொடங்கி அடுத்த சட்டத்தில் வளைந்து போனது. உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நகத்தை வைத்து மூலையில் ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை. "நல்லாருக்குங்க" என்றாள். கல்யாணம் முடித்து முப்பத்தாறு வருஷத்தில் என் கைவேலை ஒன்றைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கு எனக்குச் சோறு சாப்பிடாமலே வயிறு நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இடது மேல் மூலை வாயைத் திறந்திருந்தது.

பெரிய திறப்பில்லை. உள்பக்கமாக ஒரு நூல் அளவு. வலது மூலையில் அதே நூல் அளவு வெளிப்பக்கமாக. கழற்றி மறுபடி வெட்டினேன், பொருந்தியது. நான்கு நாளில் அதே இடது மூலை, அதே உள்பக்கம். இந்தத் தடவை பஸ் டிக்கெட் ஒன்று உள்ளே போய் நின்றது. டவுனில் தச்சுவேலை செய்கிற வீரய்யா பாஸ் இதைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே பார்த்தபடி ஐந்து நிமிஷம் நின்றார். "டீமேக்கர் ஐயா, மரம் இன்னும் பச்சைங்க. காயப் போடாம வெட்டிட்டீங்க" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கே பட்டதால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஈரம் பத்திப் பாடம் நடத்தாதீங்க பாஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போய் வளைவில் மறையும்வரை காத்திருந்து, ஏழு சட்டத்தையும் ஓட்டோவில் கட்டிக்கொண்டு என் பழைய தொழிற்சாலைக்குப் போனேன். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் சூடான காற்று வருமே, அதில் ஒரு மூலையில் போட்டுக் காய வைத்தால் என்ன என்று யோசனை. இப்போது டீமேக்கராக இருப்பவர் என்னிடம் வேலை பழகியவர். மறுக்க முடியாமல் தலையாட்டினார். நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஆனால் ஏழில் இரண்டு வில்லாக வளைந்துவிட்டன. ஏழுமே முதல் தரத் தேயிலை வாசம் அடித்தன. இன்றைக்கும் எங்கள் வாசலில் வந்து நிற்கிறவர்கள் உள்ளே தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மிச்ச ஐந்தில் மறுபடி வெட்டினேன். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் சட்டம் கொஞ்சம் குறையும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்டுக்கு நிற்கிற இரண்டும் நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. அடியில் இரண்டு கட்டைகளைச் செருகினேன். கதவுக்குச் சப்பாத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மூலை பொருந்தியது, மச்சான்! ஒரு கிழமை நிம்மதி என்று நினைத்தேன். ஐந்து நாள்தான். பிறகு மரத்தூளையும் பசையையும் குழைத்து இடுக்கில் அப்பினேன். அது காய்ந்து, நடுவில் நேர்கோடாக, அடிமட்டம் வைத்துக் கீறினாற்போல வெடித்தது. கீழ் வீட்டு ராக்காயி கீரை கொண்டுவந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஊதுபத்தி வைக்க ஓட்டை விட்டிருக்கீங்களாங்கய்யா? நல்ல யோசனைங்க" என்றாள். சொன்னதோடு விட்டாளா? ஸ்டூல் போட்டு ஏறி, தன் மடியிலிருந்த ஊதுபத்தியை எடுத்து அந்த இடுக்கில் குத்தி, கொளுத்தியும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து, புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கத் திகதி குறிக்கப் பங்குச் சுவாமி வந்தார். புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மந்திரிப்புக்கு இந்த மாதம் 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை என்று குறித்துக் கொடுத்தார். மகள் ஜொய்சி கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரோடு வருகிறாள். எல்லோரும் அந்த வாசலால்தான் நுழைய வேண்டும்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிற செல்வரத்தினம் மாஸ்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் கணக்குப் படிப்பிக்கிறார். நான் படுகிற பாட்டை மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு சனிக்கிழமை பெரிய மரக் கோணமானியோடு வந்தார். ஸ்டூலில் ஏறி நின்று மூலையில் வைத்துப் பார்த்தார். "அண்ணை, பிழை உங்கட வாளில இல்லை. இந்த மூலை தொண்ணூறு பாகை இல்லை, தொண்ணூற்றொண்டு. மேசன் கட்டேக்கை விட்ட பிழையா இருக்கும். நீங்கள் நாற்பத்தஞ்சு வெட்டினா எப்பிடிப் பொருந்தும்? பாதிக்குப் பாதி நாற்பத்தஞ்சரை வெட்டுங்கோ" என்றார். தன் கொப்பியில் திகதி போட்டு அதைக் குறித்தும் கொண்டார். எனக்கு அப்படியே காலில் விழலாம் போல இருந்தது. பெட்டிக்குள் சட்டத்துக்குப் பின்னால் தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்து, அரைப் பாகை கூட்டி வெட்டினேன். முதல் நாள் பொருந்தியதைவிட இறுக்கமாகப் பொருந்தியது. பசை போட்டு, குறுக்கால் இரண்டு மெல்லிய ஆணியும் இறக்கினேன். இனி உலகம் அழிந்தாலும் இந்த மூலை பிரியாது என்று மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஜூலை இரண்டாம் திகதி புதன்கிழமை காலை, ஆணி இரண்டும் நெளிந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இடுக்கில் என் அடையாள அட்டை போய் வந்தது.

அன்றைக்குத்தான் மச்சான், நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். வத்தளையில் விலைபோகாத கழிவு மரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன். "எங்க அண்ணன் மரம் அப்படிப் போகாது. வெட்டத் தெரியாதவன் கையில குடுத்தா எந்த மரமும் அப்படித்தான் போகும்" என்றாள் உங்கள் தங்கை. அதுதான் அவள் என்னோடு நேராகப் பேசிய கடைசி வார்த்தை. அதன் பிறகு எல்லாம் சாப்பாட்டு அறையில் தொங்குகிற அந்தோனியார் படத்தின் வழியாகத்தான். "அந்தோனியாரே, சோறு மேசையில இருக்குன்னு சொல்லுங்க." "அந்தோனியாரே, படுக்கையறைக் கதவு சாத்த வரமாட்டேங்குது, அதையாச்சும் பார்க்கச் சொல்லுங்க." நானும் அந்தோனியாரிடமே, "மழைக்கு ஊதியிருக்கு, வெயில் வந்தா சரியாயிடும்னு சொல்லுங்க" என்று பதில் சொல்கிறேன். பாவம், அவர் குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை மாஸ்டர் மறுபடி வந்து அளந்தார். இறங்கினார். மறுபடி ஏறி அளந்தார். முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. "அண்ணை, தொண்ணூற்றிரண்டரை" என்றார். "போன கிழமை தொண்ணூற்றொண்டுன்னீங்களே?" என்றேன். "ஓம். இண்டைக்குத் தொண்ணூற்றிரண்டரை." "கோணம் என்ன, ஆட்டுக்குட்டியா மாஸ்டர், கிழமைக்குக் கிழமை வளர?" என்று கேட்டேன். "கோணம் வளராது அண்ணை, ஆனா..." என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. எனக்கு ஒரு மாதத்துக் கோபம் சேர்ந்திருந்தது. "உங்களுக்கு அளக்கத் தெரியலைன்னு சொல்லுங்க. இப்படி அளந்து குடுத்தா ஹட்டன் பிள்ளைங்க கணக்குல எப்படிப் பாஸாகும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோணமானியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பல் விளக்குவதுகூட இல்லை.

ஆக, மச்சான், ஒரு மூலையால் எனக்குப் பெண்சாதி பேச்சில்லை, பக்கத்து வீட்டு மாஸ்டர் பேச்சில்லை, டவுனில் வீரய்யா பாஸ் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறார். சட்டம் ஏழில் உருப்படியாக மிஞ்சியது மூன்று. அவை கதவில் நிற்பவை. மற்றதெல்லாம் சுவாமிப் படத்துக்குச் சட்டம் போடுகிற நீளந்தான் இருக்கிறது.

நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு மயிரிடை இடுக்குக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிச் சாகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் பிறந்தது தோட்டத்து லயத்து அறையில். பிறகு முப்பத்தெட்டு வருஷம் கம்பெனி குவாட்டர்ஸில். அங்கே ஒரு கதவுகூட என்னுடையதில்லை. இடுக்கால் காற்று வந்தால் ஆபீசுக்கு எழுதிப்போட வேண்டும். எழுதிப்போட்டேன். காற்றுதான் வந்துகொண்டிருந்தது. ஜொய்சி பிறந்த வருஷம் பழைய சாக்கைக் கிழித்துக் கதவைச் சுற்றித் திணித்துத்தான் பிள்ளையைக் குளிரிலிருந்து காப்பாற்றினோம். என் பேரில் காணி உறுதி எழுதி, றோட்டுக்கு மேலே இந்தப் பத்துப் பேர்ச் நிலத்தை வாங்கி, பின்னால் மேட்டை வெட்டித் தட்டாக்கி, நாலு சுவரை எழுப்பும்போது எனக்கு ஆசை ஒன்றுதான் இருந்தது. இது ஒரு இடத்திலும் இடுக்கில்லாத வீடாக இருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் ஒரு மூலையைச் சேர்த்து வைக்க வழியில்லாதவனாக வாசலில் நிற்கிறேன். ஸ்டூலில் ஏறி அந்த இடுக்கைப் பார்க்கும்போது, நான் செய்த எதுவுமே சரியாகச் சேர்ந்ததில்லை என்று தோன்றுகிறது. சில காலைகளில் எழுந்து வாசல் பக்கம் போகவே பயமாயிருக்கிறது.

ஆகவே இறுதியாக எழுதுகிறேன். ஒன்று, நீங்கள் வரும் சனிக்கிழமை கொழும்பு ரயிலில் ஹட்டன் வந்து இறங்கி, உங்கள் வாளோடும் உங்கள் கையோடும் வந்து இந்த மூலையைச் சேர்த்துத் தர வேண்டும். அல்லது, உங்கள் மரம் கெட்ட மரம் என்று கடிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டுவேன். இரண்டும் இல்லையென்றால் சட்டத்தையெல்லாம் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டு, மந்திரிப்பையும் நிறுத்திவிடப் போகிறேன்.

உங்கள் வீட்டில் சின்னவர்களுக்கு என் முத்தங்கள், பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். அந்தோனியார் உங்களைக் காக்கட்டும். அவருக்கு இங்கே வேலை அதிகம் என்றாலும் அங்கேயும் ஒரு கண் வைத்திருப்பார்.

மனமுடைந்த,
மச்சான் இக்னேசியஸ்.

பி.கு.: வெள்ளிக்கிழமை, மாதா கோயில் மண்டபத்திலிருந்து.

மச்சான், மேலே எழுதியிருப்பது எதையும் வாசிக்க வேண்டாம். இங்கே வேறு தாள் கிடைக்கவில்லை. தபாலில் போடாமல் சட்டைப்பையில் இருந்த அதே கடிதத்தின் அடியில் எழுதுகிறேன். இந்த இடத்துக்கு வருவதற்குள் நீங்கள் எல்லாவற்றையும் வாசித்திருப்பீர்கள் என்பதும் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எல்லோரும் சுகம். அதை முதலில் சொல்கிறேன்.

அந்தச் சண்டைக்குப் பிறகு செல்வரத்தினம் மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. மண்சரிவு பார்க்கிற ஆபீசுக்குத் தன் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். புதன்கிழமை காலையில் ஒரு எஞ்சினியர் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் மழையோடு வந்து நின்றார்கள். அந்த அம்மாவுக்குச் சிங்களந்தான் தெரியும், மாஸ்டருக்குச் சிங்களம் ஓடாது, நான்தான் நடுவில் நின்று சொன்னேன். அவர் முதலில் மலையைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் போடச் சொல்லி ஏறி, அந்த இடது மூலையில் விரலை வைத்தார். "இதைப் பொருத்தியது யார்?" என்று கேட்டார். இவரும் திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு "நான்தான்" என்றேன். படுக்கையறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினார். மானாப்புல்லை விலக்கினால், மச்சான், முப்பது அடி நீளத்துக்குத் தரை பிளந்து கிடக்கிறது. அவருடைய சப்பாத்துக் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. கீழே இறங்கி வந்து, "ஒரு மணித்தியாலம் தருகிறேன், இந்த மேட்டடியில் இருக்கிற ஆறு குடும்பமும் வெளியே போங்கள்" என்றார்.

போகிற அவசரத்திலும் இன்னொன்று சொன்னார். வேலை கரடுமுரடாக இருந்திருந்தால் இந்தக் கொப்பியை அவர் நம்பியிருக்க மாட்டாராம். இவ்வளவு இறுக்கமாகப் பொருத்திய மூலை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகத் திறந்ததால்தான் அவருக்கு விளங்கியதாம். என்னைப் பற்றிய நல்ல வார்த்தையை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்ததால் வாய்க்குள் சொன்னேன். மாஸ்டர், "அண்ணை, அக்காவுக்குக் கேக்கேல்லை, உரத்துச் சொல்லுங்கோ" என்றார்.

உங்கள் மரம் ஒரு நூல்கூட அசையவில்லை, மச்சான். வீடுதான் அசைந்திருக்கிறது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு மேடு இறங்கிவிட்டது. குசினி, படுக்கையறை, மாஸ்டர் இருந்த வீடு, எல்லாம் மண்ணுக்குள். ஆறு குடும்பத்திலும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ராக்காயியின் ஆடுகள்கூடத் தப்பிவிட்டன. வீரய்யா பாஸ் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து முன் சுவர் மட்டும் நிற்கிறது என்றார். என்னைப் போக விடுகிறார்களில்லை. மாஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணை" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்ர பிள்ளையள் கணக்கில எல்லாரும் பாஸ்" என்றார்.

ஆகவே நீங்கள் வாள் கொண்டுவர வேண்டாம். வந்தால் இரண்டு கம்பளியும், உங்கள் தங்கையின் பிரஷர் குளிசையும், மாஸ்டருக்கு ஒரு முழுக்கைச் சட்டையும் கொண்டுவாருங்கள்.

இன்று காலை வரிசையில் நின்று தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து அந்தோனியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது நாளைக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க சரியாத்தான் வெட்டியிருக்கீங்க, என்னங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"அண்ணன் மரமும் நல்ல மரந்தான்."

"நல்ல மரந்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. வீடு போன துக்கம் என்று மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.